அமைதிப் பேரணிக்கு முன்னறிவிப்பு: கூட்டரசு நீதிமன்றம் நீக்கியது எது, தொடாமல் விட்டது எது?

2025 ஜூலை 1ஆம் தேதி, போலீசுக்கு முன்னறிவிப்புக் கொடுக்காமல் பேரணி நடத்துவதைக் குற்றமாக்கிய, 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தின் 9(5) உட்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று மலேசியாவின் உச்ச நிலை நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவர் அமர்வு, ஒருமனதான முடிவு. ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த தலைமை நீதிபதி துன் தெங்கு மைமுன் துவான் மாட் அமர்வுக்குத் தலைமை தாங்கினார்.

தீர்ப்பை ஒட்டி இரண்டு தவறான புரிதல்கள் உலவுகின்றன. "இனிமேல் போலீசுக்குச் சொல்லாமல் எங்கே வேண்டுமானாலும் கூடலாம்" என்பது ஒன்று. "இது அரசியல்வாதிகள் சண்டை, கோயில் சங்கத்துக்கும் குடியிருப்பாளர் சங்கத்துக்கும் இதில் என்ன இருக்கிறது?" என்பது மற்றொன்று. முதலாவதை நம்பினால் சிக்கலில் மாட்டிக்கொள்வோம். இரண்டாவதை நம்பினால் கையில் இருக்கும் உரிமையைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுவோம். இரண்டையும் சரிசெய்ய, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

## 10ஆவது விதி என்ன தருகிறது

இந்தக் கட்டுரையில் 'விதி' என்றால் கூட்டரசு அரசியலமைப்பின் விதி. 'பிரிவு' என்றால் நாடாளுமன்றம் இயற்றிய சாதாரணச் சட்டத்தின் பிரிவு. இரண்டும் மோதினால் விதியே நிற்கும். மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) பிறகு இயற்றப்பட்ட எந்தச் சட்டமும் அரசியலமைப்புக்கு முரணாக இருந்தால், முரண்படும் அளவுக்கு அது செல்லாது என்று 4(1) விதி சொல்கிறது.

10(1) விதி மூன்று உரிமைகளைத் தருகிறது. பேசவும் கருத்தை வெளியிடவும் குடிமகனுக்கு உரிமை உண்டு. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையும் சங்கம் அமைக்கும் உரிமையும் உண்டு. பத்திரிகையில் எழுத இடம் கிடைக்காதவர்களுக்கும் நாடாளுமன்றத்தில் குரல் இல்லாதவர்களுக்கும் கூடி நிற்பதுதான் பேச்சு. அதனால் கூடும் உரிமையைப் பேச்சுரிமையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

இந்த உரிமைகள் எல்லையற்றவை இல்லை. 10(2) விதிப்படி நாடாளுமன்றம் அவற்றுக்குக் கட்டுப்பாடு விதிக்கலாம். பேச்சுக்கான காரணங்கள் நீளமானவை: நாட்டின் பாதுகாப்பு, பிற நாடுகளுடனான நட்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று போகின்றன. கூடும் உரிமைக்கோ காரணங்கள் இரண்டே: நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு. வேறு எந்தக் காரணத்தைக் காட்டியும் அந்த உரிமையைக் குறைக்க அரசியலமைப்பு இடம் தரவில்லை.

## பெர்மிட் காலம்

இன்றும் பலர் "பேரணிக்குப் போலீஸ் பெர்மிட் எடுத்தாச்சா?" என்றே கேட்கிறார்கள். பெர்மிட் முறை 2012இலேயே முடிந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கேள்வி ஏன் இன்னும் நாக்கில் நிற்கிறது என்பது நம் சமூகத்துக்குத் தெரியாததா?

1967ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 27ஆவது பிரிவு இருந்தவரை, பொது இடத்தில் கூட்டம் நடத்தப் போலீசின் அனுமதி வேண்டும். 2007 நவம்பர் 25ஆம் தேதி, மலேசிய இந்தியர்களின் உரிமைக்காகப் போராடிய இண்ட்ராப் இயக்கம் கோலாலம்பூரில் நடத்திய பேரணிக்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை. ஜாலான் அம்பாங் பக்கம் பிரிட்டிஷ் தூதரகத்தை நோக்கிச் சென்றவர்கள் மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, தண்ணீர் பீய்ச்சப்பட்டது. அடுத்த மாதமே ஐந்து தலைவர்கள் இசா எனப்படும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார்கள்.

2011 ஜூலையில், தூய்மையான தேர்தலைக் கோரும் பெர்சே 2.0 பேரணி நடந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, மலேசிய தினத்தையொட்டிய உரையில், இசா சட்டம் ரத்தாகும், 27ஆவது பிரிவும் மறுஆய்வு செய்யப்படும் என்று பிரதமர் நஜிப் அறிவித்தார். நவம்பர் இறுதியில் மக்களவை அமைதிப் பேரணிச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே நாளில் வழக்கறிஞர்கள் அதை எதிர்த்து நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். சட்டம் 2012 ஏப்ரல் 23 முதல் அமலுக்கு வந்தது.

## அனுமதி போய் அறிவிப்பு வந்தது

புதிய சட்டத்தில் பேரணி நடத்தப் போலீசின் சம்மதம் தேவையில்லை. முன்கூட்டித் தெரிவித்தால் போதும். 9ஆவது பிரிவு வேலை செய்யும் விதம் இது:

1. ஏற்பாட்டாளர் அந்த வட்டாரத்தின் மாவட்டப் போலீஸ் தலைவருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். முதலில் 10 நாள் முன்பாக என்று இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 5 நாளாகக் குறைத்தது. தெரு ஆர்ப்பாட்டத்துக்கு இருந்த முழுத் தடையும் அந்தத் திருத்தத்தில்தான் நீங்கியது.

2. மாவட்டப் போலீஸ் தலைவர் குறித்த கெடுவுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அறிவித்தபடியே கூட்டத்தை நடத்தலாம்.

3. நேரம், இடம், நடத்தும் முறை போன்றவற்றில் அவர் நிபந்தனை விதிக்கலாம். நிபந்தனையில் உடன்பாடில்லை என்றால் உள்துறை அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

4. அறிவிப்பே கொடுக்காமல் நடத்தினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம். இதுதான் 9(5). வழக்கு முழுக்க இந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

சில கூட்டங்களுக்கு அறிவிப்பே தேவையில்லை. சட்டத்தின் மூன்றாம் அட்டவணை அவற்றைப் பட்டியலிடுகிறது: சமயக் கூட்டங்கள், இறுதி ஊர்வலம், திருமண விருந்து, பண்டிகைத் திறந்த இல்லம், குடும்ப ஒன்றுகூடல், நிறுவனங்களின் குடும்ப தினம், சங்கங்களின் பொதுக்கூட்டம். எனவே கோயில் நிர்வாகம் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த 9ஆவது பிரிவு குறுக்கே வராது. அதே நிர்வாகம் கோயில் நிலம் தொடர்பாக ஓர் அரசு அலுவலகத்தின் முன் உறுப்பினர்களைத் திரட்டினால் அது வேறு கணக்கு. சாலையை மூடுவது, போக்குவரத்தைத் திருப்புவது போன்ற மற்ற அனுமதிகளும் தனி.

## ஒரே பிரிவு, இரண்டு தீர்ப்பு

2013 மே 5ஆம் தேதி 13ஆவது பொதுத்தேர்தல் நடந்தது. மூன்றே நாளில், மே 8ஆம் தேதி, கிளானா ஜெயா அரங்கத்தில் தேர்தல் முடிவை எதிர்த்துப் பெரும் கூட்டம் கூடியது. அப்போது சட்டம் கேட்டது 10 நாள் முன்னறிவிப்பு. தேர்தல் நடப்பதற்கு முன்பே அதன் முடிவை எதிர்க்கப் போவதாக அறிவித்திருந்தால்தான் அந்தக் கெடுவைக் காப்பாற்றியிருக்க முடியும்! சட்டமன்ற உறுப்பினர் நிக் நஸ்மி நிக் அகமட் மீது 9(5)இன்கீழ் குற்றம் சாட்டப்பட்டது. 2014 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 9(5) செல்லாது என்றது. கூட்டம் அடிப்படையில் சட்டபூர்வமானது, அமைதியாகவும் நடந்தது. அப்படியிருக்க ஏற்பாட்டாளரைக் குற்றவாளி ஆக்குவது பொருந்தாது என்பது அதன் சாரம்.

அதே அலையில் ஜொகூரில் கூட்டம் நடத்தியதற்காக யுனேஸ்வரன் ராமராஜ் மீது வழக்குப் போடப்பட்டு 6,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. 2015 அக்டோபரில் அவருடைய வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, 9(5) செல்லும், முந்தைய தீர்ப்பு தவறு என்றது. (அவர் 2022இல் செகாமாட் நாடாளுமன்ற உறுப்பினரானார்.)

ஒரே நீதிமன்றம், ஒரே பிரிவு, நேரெதிரான இரண்டு முடிவுகள். இந்த நிலை ஏறத்தாழ பத்தாண்டு நீடித்தது. ஒருவர் குற்றவாளியா இல்லையா என்பது எந்தத் தீர்ப்பு பின்பற்றப்படுகிறது என்பதைப் பொறுத்திருந்தது. சட்டத்தைப் படித்துத் தன் நிலையைத் தெரிந்துகொள்ளக் குடிமகனுக்கு வழியே இருக்கவில்லை. 2025இல் தீர்ந்தது இந்த முடிச்சுதான்.

முடிச்சை அவிழ்த்த வழக்கு, மூடா கட்சியின் முன்னாள் பொதுச்செயலாளர் அமிர் ஹரிரி அப்துல் ஹாடியுடையது. கடற்படைக்கான கரையோரப் போர்க்கப்பல் திட்டத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட முறைகேட்டைக் கண்டித்து, 2022 ஆகஸ்டில் கோலாலம்பூர் சோகோ பேரங்காடிப் பக்கம் நடந்த கூட்டத்துக்காக அவர் மீது 9(5)இன்கீழ் குற்றம் சாட்டப்பட்டிருந்தது.

## யார் அளப்பது: நாடாளுமன்றமா, நீதிமன்றமா?

கட்டுப்பாடு விதிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தக் கட்டுப்பாடு நியாயமானதா என்று பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா? பேச்சுரிமை வழக்கு எதுவானாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும்.

இந்தியச் செய்திகளைப் பின்தொடர்பவர்கள் அங்கே 19ஆவது விதியில் "நியாயமான கட்டுப்பாடுகள்" என்று இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். நம் அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையமும் அப்படித்தான் முன்மொழிந்தது. ஆணையத்தின் உறுப்பினரான பாகிஸ்தான் நீதிபதி அப்துல் ஹமீது அதை ஏற்கவில்லை. 'நியாயமான' என்று எழுதினால் ஒவ்வொரு சட்டத்தையும் நீதிமன்றம் எடைபோடத் தொடங்கிவிடும் என்பது அவருடைய மாற்றுக் கருத்து. இறுதி வடிவத்தில் அந்த அடைமொழி இடம்பெறவில்லை. அதற்குப் பதில், நாடாளுமன்றம் "அவசியம் அல்லது உகந்தது" என்று கருதும் கட்டுப்பாடுகள் என்றே 10(2) அமைந்தது.

ஆகவே நீண்ட காலம் நம் நீதிமன்றங்கள் ஒதுங்கியே நின்றன. 1994இல் பதிவான பங் சென் சூன் வழக்கில், பொய்ச் செய்தி வெளியிடுவதைக் குற்றமாக்கும் அச்சகச் சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் (இன்றைய கூட்டரசு நீதிமன்றத்தின் முந்தைய பெயர்) ஏற்றது. கட்டுப்பாடு 10(2) சொல்லும் காரணங்களுக்குள் வருகிறதா என்று பார்ப்பதோடு நீதிமன்றத்தின் வேலை முடிந்தது, நியாயமா என்று கேட்பது அதன் பணியில்லை என்பதே அப்போதைய அணுகுமுறை.

திருப்பம் சிவராசா ராசையா வழக்கில் வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் வழக்கறிஞர் மன்றத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கக் கூடாது என்ற தடையை அவர் எதிர்த்தார். வழக்கில் அவர் வெல்லவில்லை. ஆனால் 2010இல் சட்ட ஏடுகளில் பதிவான அந்தத் தீர்ப்பில், நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் எழுதிய கோட்பாடு நிலைத்துவிட்டது: 10(2)இல் 'கட்டுப்பாடு' என்று வரும் இடத்தில் 'நியாயமான கட்டுப்பாடு' என்றே படிக்க வேண்டும். ஏனென்றால் உரிமையை ஒரு கையால் கொடுத்து, அளவே இல்லாத கட்டுப்பாட்டால் மறு கையால் பறிக்க முடிந்தால் அது உரிமையாகவே இருக்காது.

இதை ஏற்காதவர்களின் வாதமும் லேசானது இல்லை. வேண்டுமென்றே சேர்க்காமல் விட்டதை நீதிபதி எப்படிச் சேர்க்கலாம் என்று அவர்கள் கேட்கிறார்கள். என் பார்வையில் பதில் 4ஆவது விதியிலேயே இருக்கிறது. நாடாளுமன்றம் ஒரு கட்டுப்பாட்டை அவசியமென்று கருதவில்லை என்று சொல்லிச் சட்டத்தைத் தாக்க முடியாது என்று 4(2) தடுக்கிறது. அது அந்த ஒரு வாசலை மட்டுமே மூடுகிறது. சட்டம் உண்மையில் 'கட்டுப்பாடு' என்ற எல்லைக்குள் நிற்கிறதா, இல்லை உரிமையையே அழிக்கும் தடையாகிவிட்டதா என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. அதைக் கேட்க நீதிமன்றத்தை விட்டால் நாட்டில் வேறு அமைப்பு இல்லை.

## அளவுப் பொருத்தச் சோதனை

நியாயம் என்பதை நீதிபதியின் மனப்போக்குக்கு விட்டுவிட முடியாது. அதற்காகத்தான் நீதிமன்றங்கள் ஒரு படிமுறையை வைத்திருக்கின்றன. 8ஆவது விதி தரும் சமத்துவத்தையும் சேர்த்துப் படித்து, மூன்று கேள்விகள் கேட்கப்படும். 9(5)ஐ வைத்தே பார்ப்போம்.

1. சட்டத்தின் நோக்கம் ஏற்கத்தக்கதா? ஆம். கூட்டம் வருவது முன்பே தெரிந்தால் போலீஸ் சாலையை ஒழுங்குபடுத்தலாம், எதிர்க்கூட்டம் வந்தால் மோதலைத் தடுக்கலாம்.

2. விதிக்கப்பட்ட வழிக்கும் நோக்கத்துக்கும் தொடர்பு உண்டா? உண்டு. முன்னறிவிப்பு அதற்கு உதவும்.

3. அந்த வழி தேவைக்கு மிஞ்சியதா? 9(5) விழுந்தது இந்த இடத்தில்.

மூன்றாவது கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும். செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலை தண்ணீரைத் துண்டிக்கப் போவதாக வெள்ளிக்கிழமை மாலை நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். குடியிருப்பாளர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை வாசலில் பதாகையோடு ஒரு மணி நேரம் நின்றுவிட்டுக் கலைகிறார்கள். யாருக்கும் காயமில்லை, சாலை அடைபடவில்லை. ஐந்து நாள் அறிவிப்பு கொடுத்திருந்தால் கூட்டம் அடுத்த புதன்கிழமைக்கு மேல்தான் நடந்திருக்கும். அதற்குள் தண்ணீர் போயிருக்கும். பொது ஒழுங்குக்கு எந்தக் கேடும் நேராத இந்த இடத்திலும் 9(5) ஏற்பாட்டாளரைக் குற்றவாளி ஆக்கியிருக்கும். கூட்டம் எப்படி நடந்தது என்று அந்தப் பிரிவு கேட்பதே இல்லை. காகிதம் வந்ததா என்பது மட்டுமே அதற்குக் கணக்கு.

தண்டனை இல்லாவிட்டால் அறிவிப்புக் கடமை பல் இல்லாததாகிவிடும் என்பது அரசுத் தரப்புக்கு இயல்பாக வரும் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அமைதி கெட்டால் நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் வேறு பிரிவுகள் நிறைய உள்ளன. அமைதியாக நடந்த கூட்டத்துக்கே, அறிவிப்பு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் குற்றத் தண்டனை விதிப்பது அளவுக்கு மீறியது, 10(2) அனுமதிக்கும் கட்டுப்பாட்டின் எல்லையைத் தாண்டியது என்பதே கூட்டரசு நீதிமன்றத்தின் முடிவின் சாரம்.

10,000 ரிங்கிட் என்பதும் பணக் கணக்கோடு முடிவதில்லை. 48ஆவது விதிப்படி 2,000 ரிங்கிட் அல்லது அதற்கு மேல் அபராதம் பெற்றவர் நாடாளுமன்ற உறுப்பினராகும் தகுதியை ஐந்தாண்டு இழப்பார். எதிர்ப்புக் கூட்டம் நடத்துபவர்களில் பலர் அரசியலில் இருப்பவர்கள். ஒரு படிவத்தைத் தாமதமாகக் கொடுத்ததற்காக மக்கள் தேர்ந்தெடுத்தவரின் இடமே பறிபோக வாய்ப்பு இருந்தது.

## தீர்ப்பு தொடாதவை

முதல் தவறான புரிதலுக்கு இங்கே வருகிறோம். நீதிமன்றம் நீக்கியது 9(5) ஒன்றைத்தான்.

1. 9(1) சொல்லும் அறிவிப்புக் கடமையை இந்தத் தீர்ப்பு ரத்துச் செய்யவில்லை. கொடுக்காததற்குத் தண்டனைதான் போயிற்று. நேரம் இருந்தால் அறிவிப்பு கொடுப்பதே நல்லது. போலீஸ் பாதுகாப்பும் போக்குவரத்து உதவியும் நமக்குத்தான் பயன்.

2. நிபந்தனையை மீறுவதும், கலைந்து போகச் சொன்ன பிறகும் கலையாமல் இருப்பதும் தனிக் குற்றங்கள்.

3. தடைசெய்யப்பட்ட இடங்கள் அப்படியே இருக்கின்றன. மருத்துவமனை, பள்ளிக்கூடம், வழிபாட்டுத் தலம், பெட்ரோல் நிலையம், ரயில் நிலையம், விமான நிலையம், துறைமுகம், பாலம் ஆகியவையும் அவற்றைச் சுற்றி 50 மீட்டரும் அதில் அடங்கும். கோலாலம்பூர் நடுவில் இந்த 50 மீட்டரைத் தவிர்த்து ஓர் இடம் தேடுவது எளிதில்லை.

4. இடத்தின் உரிமையாளர் சம்மதம் வேண்டும் என்கிறது 11ஆவது பிரிவு. அதன் அமலாக்கத்தை நிறுத்திவைப்பதாக 2025 பிப்ரவரியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் மக்களவையில் அறிவித்தார். நிறுத்திவைப்பது அரசின் கொள்கை முடிவு, அரசு மாறினால் மாறலாம். பிரிவை நீக்க நாடாளுமன்றமோ நீதிமன்றமோ வேண்டும்.

5. ஏற்பாட்டாளருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். 18 வயதில் வாக்களிக்கலாம், தேர்தலில் நிற்கவும் செய்யலாம், ஆனால் கூட்டம் கூட்ட முடியாது. இந்த முரண்பாட்டை நாடாளுமன்றம் தானாகவே சரிசெய்திருக்க வேண்டும்.

6. கூட்டத்தில் பேசப்படும் பேச்சுக்கு வேறு சட்டங்கள். 1948ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டம் செல்லும் என்று 2015இல் அஸ்மி ஷாரோம் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர் மற்றும் பூர்வகுடியினரின் சிறப்பு நிலை, ஆட்சியாளர்களின் இறைமை ஆகியவற்றைக் கேள்வி கேட்பதைத் தடைசெய்ய 10(4) விதி இடம் தருகிறது. அவை நடைமுறைப்படுத்தப்படும் விதத்தைப் பற்றிப் பேசுவதற்கு அதே விதி விலக்கும் தருகிறது. மேடையில் பேசுபவர் இந்த வேறுபாட்டை நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

## சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள்

கடைசியாக, நம்மிடையே அதிகம் பேசப்படாத ஒரு விஷயம். 10ஆவது விதியின் உரிமைகள் குடிமக்களுக்கு மட்டும். அமைதிப் பேரணிச் சட்டத்தின் 4ஆவது பிரிவும், குடிமகன் அல்லாதவர் பேரணியை ஏற்பாடு செய்வதையும் அதில் பங்கேற்பதையும் குற்றமாக்குகிறது. இந்த நாட்டிலேயே பிறந்து, தோட்டத்தில் உழைத்து, இன்னும் சிவப்பு அட்டையோடு நிரந்தரவாசியாக இருக்கும் முதியவர்களும் இதற்குள் வருகிறார்கள். எந்த அட்டையும் இல்லாதவர்களின் நிலையும் இதுதான். தங்கள் குடியுரிமைக்காக நடக்கும் பேரணியில்கூட அவர்கள் நிற்க முடியாது. இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

2025ஆம் ஆண்டுத் தீர்ப்பு இவர்களைப் பற்றியதல்ல, இவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. "பாட்டி, வந்து சும்மா நில்லுங்க, ஒண்ணும் ஆகாது" என்று அழைத்துப் போகும் இளைஞர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களின் கோரிக்கையை மனுவாக எழுதி, கையெழுத்தோ கைரேகையோ வாங்கி, தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடமோ மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடமோ கொண்டுபோய்க் கொடுக்கலாம். அதற்கு 4ஆவது பிரிவு தடை போடவில்லை.